தூளியில் ஆடிய மாவு

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "ஜவ்வரிசி நம்ம சேலத்துச் சொந்தச் சரக்குங்க." பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்ல உரிமையும் இருக்கிறது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ஏத்தாப்பூர், அந்தப் பக்கம் ராசிபுரம், சேந்தமங்கலம் என்று ஜவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காடுகளையும், சாலையோரத்தில் வெள்ளையாய்க் காயும் களங்களையும் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். எனக்கு உறுத்துவது 'சொந்தம்' என்கிற அந்த ஒரு சொல்தான். கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரையேறி, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்த பிறகு அங்கே ஏழைகளின் சோறாக நிலைத்தது. அதை மணியாக்கும் வித்தை மலாய் நாட்டுடையது. மணி எந்த அளவில், எவ்வளவு வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மராட்டியத்திலும் வங்காளத்திலும் இருக்கிறார்கள். இவ்வளவையும் வரிசையாகச் சொன்னால், ஊரைக் குறைத்துப் பேசுகிறோம் என்று சிலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. ஊரைக் குறைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. இத்தனை பேரிடமிருந்து வாங்கி, இத்தனை கைகளுக்கு இடையே ஒரு வித்தையை உயிரோடு வைத்திருப்பதுதான் இந்த ஊரின் திறமை என்று நினைக்கிறேன். கைமாறும் இடங்கள் நேராக இருக்கும் வரை அந்த வித்தை வளர்கிறது. எங்கே ஒரு பக்கம் இருட்டாகிறதோ அங்கே அது கெட ஆரம்பிக்கிறது.

பினாங்கிலிருந்து வந்த கைப்பழக்கம்

சேகோ என்கிற ஜவ்வரிசித் தொழிலின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் 1943-இல்தான் தொடங்குவார்கள். சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த இடத்தில் போபட்லால் ஷாவைச் சந்திக்கிறார். ஷா பினாங்கிலிருந்து வந்தவர். ஜவ்வரிசி செய்யத் தெரிந்தவர். இருவரும் சேர்ந்து சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள். இந்தக் கதையில் வருடத்தையும் பெயர்களையும் ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: அந்தச் சந்திப்பில் கைமாறியது என்ன?

அது உலகப்போர்க் காலம். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. கடல் வழிச் சரக்கு நின்றுபோனது. அதுவரை உலகம் 'சேகோ' என்று அறிந்தது மலாய்த் தீவுகளில் வளரும் ஒரு பனைவகையின் தண்டுச்சோற்றிலிருந்து எடுத்த மாவை. 'சாகு' என்பதே மலாய்ச் சொல். பூக்கும் முன் மரத்தை வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடித்து, படியும் மாவை எடுப்பார்கள். அந்தப் பனை சேலத்தில் கிடையாது. ஆனால் அரைத்து, கரைத்து, வடித்து, படியவிடும் வேலை எந்த மாவுச்சத்துக்கும் ஒன்றுதான். குச்சிக்கிழங்கிலும் அதே பால் இறங்கும், அதே மாவு படியும். ஆக மரத்தை விட்டுவிட்டுக் கைப்பழக்கத்தை மட்டும் கொண்டுவர முடிந்தது. படிந்த ஈர மாவை மணியாக்கும் கடைசிப் படிதான் இங்கே யாருக்கும் தெரியாதது. அதைத்தான் ஷா கொண்டுவந்தார். குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போலத் துணியைக் கட்டி, உதிர்த்த மாவை அதில் போட்டு ஆட்டுவது.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் இதில் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். ஆட்டும்போது மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டி, உருண்டு, மேலும் துகள்களைப் பூசிக்கொண்டு மணியாகின்றன. ஒட்டவைப்பது அதிலிருக்கும் தண்ணீர் மட்டும்தான். பசை கிடையாது, பாகு கிடையாது. ஈரம் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி இருக்கவேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் மணி உருளாமல் கொழுக்கட்டை போலக் கட்டிதட்டும். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் எவ்வளவு நேரம் ஆட்டினாலும் தூளாகவே நிற்கும். மீட்டர் வைத்து இதை அளப்பதைவிடக் கை சீக்கிரம் சொல்லும். ஒரு பிடி மாவை அழுத்தினால் விரல் தடம் பதிய நிற்கவேண்டும், கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் உதிரவேண்டும். இன்று துணித் தூளியின் இடத்தில் மோட்டார் ஆட்டும் தட்டுகள் வந்துவிட்டன. ஆட்டத்தின் தத்துவம் மாறவில்லை.

உருண்ட மணிகளைச் சல்லடையில் அளவு பிரித்து, எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் போட்டு வறுப்பார்கள். மரவள்ளி மாவு 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் பசையாக மாறும். வறுப்பின் நோக்கம் மணியின் மேல்தோல் மட்டும் அப்படி வெந்து, உள்மாவைப் பிடித்து வைத்துக்கொள்வது. சூடு குறைந்தால் தோல் பிடிக்காது. காய்ந்த பிறகு பாலிஷ் போடும்போது மணி பொடிந்து மாவாகும். சூடு கூடினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மணி வெடிக்கும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வறுக்காமல் ஆவியில் முழுதாக வேகவைத்தால் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி. மேலாக வறுத்தது மாவு ஜவ்வரிசி. எதுவானாலும் கடைசியில் களத்தில் வெயிலில் காய்ந்து, ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். இல்லையென்றால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்த வரிசையில் நான் முக்கியமாகக் கருதுவது இது. மாவை ஆட்டுகிறவருக்குத் தன் வேலை சரியா தவறா என்று தன் தட்டைப் பார்த்தே முழுதாகத் தெரிந்துவிடாது. மணி பார்க்க உருண்டையாகத்தான் இருக்கும். ஈரம் சற்றுக் கூடிப்போனது வறுப்பவரின் தட்டில் மணி ஒட்டும்போதுதான் வெளிப்படும். வறுப்பவர் செய்த பிழை களம் காய்ந்து பாலிஷ் போடும்போதுதான் பொடியாக உதிரும். பாலிஷ் போடுகிறவர் வாய் திறந்து சொன்னால்தான் வறுப்பவருக்குத் தன் கைச்சூடு தெரியும். ஒருவருடைய அறிவு அடுத்தவருடைய புகாரிலிருந்துதான் பிறக்கிறது. ஆட்கள் அடிக்கடி மாறும் ஆலைகளில், இயந்திரம் புதிதாக இருந்தாலும் மணி சரியில்லாமல் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். புதியவருக்கு வேலை தெரியாததைவிட, யாரிடம் என்ன கேட்பது என்பது தெரியாததுதான் பெரிய குறை.

வெள்ளை யாருடைய ஆசை

நம் வீடுகளில் ஓராண்டில் எவ்வளவு ஜவ்வரிசி செலவாகிறது? விசேஷத்துக்கு ஒரு பாயசம், கோடையில் மொட்டைமாடியில் நாலு சேலை விரித்து வத்தல், வயிற்றுக்கு ஆகாத நாளில் ஒரு கஞ்சி. சேலத்து ஆலைகள் அரைக்கும் அளவுக்கு இது எந்த மூலைக்கும் காணாது. இந்தத் தொழிலை நிறுத்திவைத்திருப்பது வடக்கே விரதம் இருப்பவர்கள். ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் மராட்டியத்தில் தானியம் தொடாதவர்கள் சாபுதானா கிச்சடி சாப்பிடுவார்கள். கழுவிய மணியின் மேல் சற்றே தளும்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சில மணிநேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் உள்ளே கல் இல்லாமல் மசியவேண்டும். ஆனால் மணி தனித்தனியே உதிரவும் வேண்டும். பிறகு வறுத்த நிலக்கடலைப் பொடி கலந்து சீரகம் தாளித்துக் கிளறுவார்கள். வங்காளத்தில் 'சாபு' என்றால் நோயாளிக்குக் கொடுக்கும் உணவு. ஆத்தூரில் மாவை ஆட்டுகிறவர் இந்த அடுப்பங்கரைகளைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சல்லடையின் கண் அளவு அந்தக் கிச்சடிக்காக அமைந்தது. மணி ஊறும்போது கரையாமல் நிற்கவேண்டும் என்பதற்காக அவர் வறுப்பின் பதம் அமைந்தது. சாப்பிடுகிறவர்களின் நாக்கு இங்குள்ளவர்களின் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே வழியாக இன்னொன்றும் வந்தது: வெள்ளை மோகம். மூட்டையை ஊசி குத்திப் பார்க்கும் வியாபாரி பார்ப்பது நிறத்தை. ஊறவைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வெள்ளைக்கு விலை கூடியது. விலை கூடியதும் ஆலைகள் வெள்ளையைத் தேடின.

நேர்மையாக வெள்ளை வாங்க வழி இருக்கிறது. வேலை அதிகம், அவ்வளவுதான். கிழங்கைப் பிடுங்கிய ஒன்றிரண்டு நாளுக்குள் அரைத்துவிடவேண்டும். தாமதித்தால் உள்ளே நீலக்கறுப்பாக நரம்போடும், அந்த நிறம் மாவுக்கு வரும். வெளித்தோலோடு உள்தோலையும் நன்றாக நீக்கவேண்டும். தோலில் சயனைடு தரும் பொருள் அதிகம். அது தண்ணீரிலோ பழைய தொட்டியிலோ இருக்கும் இரும்போடு சேர்ந்தால் மாவில் மெல்லிய நீலச்சாயல் ஏறும். எவ்வளவு கழுவினாலும் அது போவது கடினம். எனவே பால் படும் இடமெல்லாம் துருவில்லாமல் இருக்கவேண்டும். அரைத்த பாலைச் சல்லடைகளில் வடித்துத் திப்பியைப் பிரித்த பிறகு, தொட்டியில் எட்டு மணிநேரம் போலப் படியவிட்டு, மேல்தண்ணீரை இறக்கி, மாவின் மேல் படலமாய் நிற்கும் மஞ்சள் படிவைத் தயங்காமல் வழித்தெடுக்கவேண்டும். புதுத் தண்ணீரில் மறுபடி கலக்கி மறுபடி படியவிடவேண்டும். தண்ணீர்ப் பஞ்சமான மாதங்களில் இந்த இரண்டாவது கழுவலைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். படிந்ததை நேரத்தில் எடுக்காமல் விட்டால் புளிப்பு வாடை வந்து நிறமும் மங்கும்.

இத்தனையும் செய்வதற்குப் பதில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டியவர்கள் இருந்தார்கள். அமிலம் ஊற்றியவர்கள் இருந்தார்கள். மரவள்ளி மாவோடு மலிவான மக்காச்சோள மாவைக் கலந்தவர்களும் இருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும்: மரவள்ளி மாவுத்துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டியது போல இருக்கும். மக்காச்சோளத் துகள் மூலை மூலையாக இருக்கும். 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் செய்த பெரிய காரியம் ஏலத்துக்கு ஓர் இடம் கொடுத்தது மட்டுமில்லை. ரகசிய டெண்டருக்கு முன் சரக்கைப் பரிசோதிக்கும் பழக்கம் அங்கே வேர்பிடித்தது. ஒருவருக்கொருவர் முகம் தெரியாத ஆலைக்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில், இருவரும் நம்பக்கூடிய ஒரு சாட்சி கிடைத்தது. 90 கிலோ மூட்டையின் மேல் இருக்கும் 'சேலம்' என்ற பெயருக்கு மதிப்பு அந்தச் சாட்சியால் வருகிறது. குறியீட்டுச் சான்றிதழ் அதற்குப் பிறகுதான்.

வெள்ளையைக் கேட்டது வாங்குகிறவர்கள் என்று சொல்லி ஆலைகளை விடுவிக்க எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்டது நல்ல சரக்கை. அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சற்று மங்கிய மணி நன்றாக ஊறும், கசக்காது என்று எடுத்துச் சொல்ல நாம் மெனக்கெடவில்லை. வாங்குகிறவரிடமிருந்து ஆசை மட்டும் இங்கே வந்தது, இங்கிருந்து விவரம் அங்கே போகவில்லை.

குச்சி கைமாறும்போது

கிழங்குக்கு விதை கிடையாது. அதாவது விவசாயி விதையால் நடுவதில்லை. முதிர்ந்த செடியின் தண்டை, நுனியின் இளசையும் அடியின் முற்றலையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியில் எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி 15 செண்டிமீட்டர் அளவில் துண்டுபோட்டு, கணுவின் முளை மேல்நோக்கி இருக்க நடுவார்கள். தண்ணீர்க் காட்டில் 90-க்கு 90 செண்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஐயாயிரம் குச்சி. ஒவ்வொரு குச்சியும் இன்னொருவர் காட்டுச் செடியின் உடல். ரகங்களின் பெயரே அதைச் சொல்லிவிடும்: பர்மா, வெள்ளைத் தாய்லாந்து, முள்ளுவாடி, திருவனந்தபுரம் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எச்-226.

நல்லது கைமாறும் அதே வழியில் நோயும் கைமாறும். தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுவது ஒரு பங்கு. நோயுள்ள குச்சியை வாங்கி நடுவதால் பரவுவது அதைவிடப் பெரிய பங்கு. இதில் சிக்கல் என்னவென்றால், தேமல் இலையில்தான் தெரியும். குச்சி வாங்கும்போது இலை இருக்காது, மொட்டைக் கட்டாகக் கிடக்கும். எத்தனை அனுபவக்காரராக இருந்தாலும் கட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அறுவடைக்கு முன்பே, செடி பச்சையாக நிற்கும்போது, கொடுப்பவருடைய காட்டுக்குள் நடந்து, சுருக்கமும் மஞ்சள் திட்டும் இல்லாத செடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு வரவேண்டும். அது முடியாதபோது, வாங்கிய குச்சிகளை நாலுக்கு நாலு செண்டிமீட்டர் நெருக்கத்தில் நாற்றங்காலாக நட்டு, மூன்று வாரம் தழைய விட்டு, தேமல் காட்டும் நாற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு மீதியைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம். முதல் வழிக்குப் பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கவேண்டும். வரப்புச் சண்டையில் முகம் பார்க்காமல் போனவர்கள் இரண்டாவது வழிக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக் காடுகளுக்கும் வந்த மாவுப்பூச்சி இதைவிடப் பெரிய பாடம். நுனிக்குருத்து சுருண்டு முண்டுமுண்டாகி, செடி வளர்ச்சியே நின்றது. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள். குருத்தின் மடிப்புக்குள் மெழுகுப் பூச்சோடு உட்கார்ந்திருக்கும் பூச்சியை மருந்து தொடுவதே அரிது. விடை வெகு தூரத்தில், நாற்பது ஆண்டு பழையதாக இருந்தது. அதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைச் சூறையாடியபோது, அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். பராகுவேயில் ஒரு சிறு குளவி கிடைத்தது. அனகைரஸ் லோபெசி என்று பெயர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியைத்தான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நம்மவர்கள் தருவித்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். கிழங்கின் தாய்நாட்டிலிருந்து பூச்சிக்கு எதிரியும் வந்து சேர்ந்தது. நம் பங்குக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான்: குளவி விட்ட சுற்றுவட்டாரத்தில் மருந்து அடிக்காமல் இருப்பது. ஒருவர் மட்டும் பொறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரர் அடித்தால் குளவி செத்துவிடும். இங்கே ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்து தெரிந்துகொண்டால்தான் ஒருவர் தெரிந்துகொண்டதற்குப் பயன் உண்டு.

தண்ணீருக்குள் அரைக் கிலோ

இத்தனை தூரத்து உறவுகளைப் பேசிவிட்டு, பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் உழவர், ஆலை உறவு எவ்வளவு பழுதாகிக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கிழங்கு எடைக்கு மட்டும் விலை போவதில்லை, பாயிண்டுக்குப் போகிறது. பாயிண்ட் என்றால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. லாரி ஆலைக்குள் போகும். வெளியே டீக்கடையில் நிற்கும் உழவரிடம் தெரிந்தவர்கள் கேட்பார்கள், "பாயிண்ட் எத்தனைங்க வந்துச்சு?" ஒரு எண் வரும். அந்த எண்ணில்தான் பத்து மாத உழைப்பு நிற்கிறது. ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு 300 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், மூன்று பாயிண்ட் குறைந்தால் பத்து டன் லாரிக்கு 9,000 ரூபாய் போயிற்று. திருப்பி எடுத்துப்போகவும் முடியாது. பிடுங்கிய கிழங்கு நாளைக்கே கறுக்க ஆரம்பிக்கும்.

மாவுச்சத்தை அளக்கும் எளிய முறையில் மர்மம் ஏதும் இல்லை. ஐந்து கிலோ கிழங்கைக் காற்றில் எடைபோட்டு, பிறகு கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோடுவது. மாவு மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது. தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். ஆனால் ஐந்து கிலோ கிழங்கு தண்ணீருக்குள் ஏறக்குறைய அரைக் கிலோதான் காட்டும். எல்லாக் கணக்கும் அந்த அரைக் கிலோவில் சில பத்துக் கிராம் ஏறுவதிலும் இறங்குவதிலும் அடங்கிவிடுகிறது. எனவே சின்னத் தவறும் பெரிய பணம். கிழங்கின் இடுக்கில் காற்றுக்குமிழி தங்கினால் எடை குறையும். தண்ணீருக்குள் அமிழ்த்திய பிறகு கூடையை இரண்டு தடவை குலுக்கிவிடவேண்டும். கூடை தொட்டிச் சுவரையோ அடியையோ தொட்டால் கணக்கே தப்பு. காம்புக்கட்டை கிழங்கோடு ஒட்டியிருந்தால் அது மாவில்லாத எடை. மண் ஒட்டியிருந்தால் அளவு ஏறிக் காட்டும், அது ஆலைக்காரருக்கு நஷ்டம். ஆகவே கழுவித்தான் நிறுக்கவேண்டும். மாதிரி எடுக்கும்போது லாரியின் மேலாக ஒரு கூடை, நடுவில் ஒரு கூடை, அடியில் ஒரு கூடை என்று எடுத்து, பெரிதும் சிறிதும் கலந்திருக்கவேண்டும். அறுவடைக்கு முன் மழை பெய்து செடி புதுத் துளிர் விட்டிருந்தால், கிழங்கின் மாவு துளிருக்குப் போய்ப் பாயிண்ட் உண்மையாகவே இறங்கியிருக்கும். அதை விவசாயியும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

இதில் எதுவும் இரு தரப்புக்கும் புரியாத வித்தை இல்லை. தூளி ஆட்டத் தெரிந்த ஊருக்கு ஒரு தராசு பெரிய காரியமா? உழவருக்குத் தன் மண்ணைப் பற்றியும், எந்த ரகம் எந்த மாதத்தில் மாவு கட்டுகிறது என்பதைப் பற்றியும் ஆலை சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆகச்சிறந்த ஆசிரியர் அந்த எண்தான். ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தால் எந்தக் காட்டில் பர்மா போடுவது, எதில் தாய்லாந்து போடுவது, ஒன்பதாம் மாதம் பிடுங்குவதா பத்தாம் மாதமா என்றெல்லாம் அது சொல்லும். கதவுக்குப் பின்னால் அளந்து, சீட்டில் எழுதி நீட்டும்போது அது வெறும் தீர்ப்பாகிவிடுகிறது. உழவர் அதை நம்புவதில்லை. நம்பாததைக் குறித்துவைப்பதும் இல்லை. ஆலைக்காரருக்கும் எந்தக் காட்டிலிருந்து நல்ல மாவு வருகிறது என்ற நினைவு தங்குவதில்லை.

வரும் பருவத்தில் கிழங்கு ஏற்றிப் போகிறவர்கள் லாரிக்கு முன்னால் தாங்கள் போய் நிற்கட்டும். ஆலைக்காரரும் தராசைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கட்டும். கிழங்கைப் போடுவதற்கு முன், வெறுங்கூடை தண்ணீருக்குள் தொங்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பதை முதலில் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கட்டும்.